கூட்டலோடு யார் போவது?

சமன்பாடு கட்டும் ஆட்டம் முடியும் நேரம். பூரணியிடம் மூன்று வில்லைகளே மிச்சம்: கூட்டல், ஒன்பது, பூஜ்யம். பலகையில் 4+3=7 என்ற வரிசைக்குப் பின்னால் இரண்டே கட்டங்கள் காலியாக இருந்தன.

"கூட்டல் அண்ணே, ஆட்டம் முழுக்க நான் பலகை ஏறவே இல்ல. என்னைக் கூட்டிட்டுப் போங்க," என்று கெஞ்சியது ஒன்பது. "இந்தச் சைபரைக் கூட்டி என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆகாதுதான்," என்றது பூஜ்யம்.

கூட்டல் பலகையை எட்டிப் பார்த்தது. "தம்பி, நீ வந்தா அந்த ஏழு பதினாறாயிடும். நாலும் மூணும் சண்டைக்கு வந்துடும்."

பூரணி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, கூட்டலையும் பூஜ்யத்தையும் வைத்தாள். ஏழு ஏழாகவே இருந்தது.

"போகட்டும். கணக்கு முடிக்கிறப்ப என்னை மறக்க முடியுமா?" என்றது ஒன்பது.

எதிரே இருந்த மருதவாணன் பென்சிலை எடுத்தான். "கையில என்ன மிச்சம், பூரணி?"

"ஒன்பது."

"அப்போ உன் புள்ளியில ஒன்பதைக் கழிச்சுடறேன்."

பலகையிலிருந்து பூஜ்யம் மெல்லச் சொன்னது: "பார்த்தீங்களா ஒன்பதாரே, உங்களை மறக்கவே இல்ல."