ஷோகேஸ் மேல் ஏறிய எஞ்சின் கவர்

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, மேலே லேக்கர் பூச்சும் அடித்து முடித்தார் செல்வின். கண்ணாடி மாதிரி மின்னிய எஞ்சின் கவரைப் பைக்கில் மாட்ட அவருக்கு மனசு வரவில்லை. ஷோகேஸ் மேல் வைத்து அழகு பார்த்தார்.

கவருக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலில் நின்ற பைக்கில் எஞ்சின் வாயைப் பிளந்தபடி கிடந்தது. "தூசி உள்ளே போகுதுப்பா, சீக்கிரம் வா!" என்று கெஞ்சியது.

"அந்தச் சூட்டுக்கும் சேற்றுக்கும் இனி நான் வரவே மாட்டேன்" என்று அடித்துச் சொன்னது கவர். பிறகு பக்கத்திலிருந்த வெள்ளிக் கோப்பையிடம் திரும்பியது. "அண்ணே, உங்க மேல ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி?"

"பந்தயத்துல ஜெயிச்சுக் கொண்டுவந்து வெச்சதோட சரி. இதுவரைக்கும் ஒரு வாய் தண்ணிகூட யாரும் என்கிட்ட குடிச்சதில்ல தம்பி."

கவர் வாசலிலிருந்த எஞ்சினைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் உடம்பை அசைத்து அசைத்து விளிம்புக்கு நகர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தது.

ஓடிவந்த செல்வின், "அடடா, கீறல் விழுந்துடுச்சே! இனிமே இதுக்கு ஷோகேஸ் எதுக்கு?" என்று அலுத்துக்கொண்டே கவரை எஞ்சினில் மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினார்.

வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கோப்பை மெல்ல நகர்ந்து, விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்தது.