வாலில்லாத யானை

மூடிக் கிடந்த தியேட்டரின் பரணில், தகர டப்பாவுக்குள் ஒரு படச்சுருள். அதில் ஒரு கார்ட்டூன் யானை. காசில்லாதவர்கள் எடுத்த படம். யானைக்கு வால் வரையக்கூட மை மிஞ்சவில்லை.

"தொலைஞ்ச படம்னு நம்மளை ஊரெல்லாம் தேடுறாங்களாம்டா" என்று டப்பா சொல்லும்போதெல்லாம் யானைக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஒருநாள் தேடி வந்தவர்கள் டப்பாவைக் கண்டெடுத்தார்கள். அதற்கு மாலை போட்டார்கள். ஒரே ஒரு தடவை திரையில் ஓட்டினார்கள். யானை உயிரைக் கொடுத்து ஆடியது. "வாலைக் காணோமே" என்று சிரித்துவிட்டு, பார்க்க வந்தவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். பிறகு டப்பாவைப் பழைய படங்களைப் பாதுகாக்கும் குளிர் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

இருட்டில் யானை மெல்லக் கேட்டது: "அண்ணே, மறுபடி எப்ப நம்மளைத் தேடுவாங்க?"

டப்பா சொன்னது:

"இனி எதுக்குடா தேடணும்? நாமதான் கிடைச்சுட்டோமே."