ஒரு ரிங், ரெண்டு ரிங்

அலுமாரி மேலிருந்த புருஷனின் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. பூரணி ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். அதே நம்பர். பேரில்லாத நம்பர். காலையிலிருந்து இது நாலாவது மிஸ்கோல்.

திருப்பி எடுத்தாள். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அடுத்த கொஞ்ச நேரத்தில் ரெண்டு ரிங் வந்தது. பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு அப்போதுதான் வந்த புருஷன் ஆண்டியப்பன், தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் சட்டையை மாட்டினான். தேயிலை ஃபெக்டரியில் அவசரமாம். மோட்டர் பார்க்கிறவனுக்கு அவசரம் வரும்தான். அதற்காக அந்த நீலச் சட்டை எதற்கு? ரொட்டி தின்னாமல் ஓடுவது எதற்கு?

ரிங் கொடுக்கிற ஆள் யாரென்று பூரணிக்குத் தெரியும். மஸ்கெலியா பஜாரில் போன் கடையில் நிற்கிற சர்மிளாதான். ரீலோட் கார்ட் வாங்கப் போனால் இவன் அரைமணி நேரம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவள் விரலில் எப்போதும் நகப்பூச்சு. பூரணியின் விரலில் தேயிலைக் கொழுந்துக் கறை, எந்தச் சோப்புக்கும் போகாது.

சம்பளச் சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெரியும்போது போய் நின்றாள்.

"ஏண்டி, ஒனக்கு இந்த ஊருல வேற ஆம்பளயே கெடைக்கலயா?"

கடையே திரும்பிப் பார்த்தது. சர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். பூரணி பஸ் பிடித்து வீடு வருவதற்குள் செய்தி தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆண்டியப்பன் சத்தம் போடவில்லை. அதுதான் ஆச்சரியம். கையைப் பிடித்து நேரே ஃபெக்டரிக்குக் கூட்டிப்போனான். கொழுந்து வாடப்போடும் மாடியில், சுவரில் ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஒரு சிம் இருக்கிறதாம். கண்டியில் மூன்று பையன்கள் செய்த சாமானாம். சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து தானாகவே மிஸ்கோல் கொடுக்குமாம். ஒரு ரிங் என்றால் எல்லாம் சரி, ரெண்டு ரிங் என்றால் சூடு ஏறிவிட்டது, ஓடி வா என்று அர்த்தம். பொங்கலோடு ஒரு பெரிய போன் கம்பெனி அந்தப் பையன்களையே வாங்கிவிட்டதாம்.

"பையங்களயா?"

"அவங்க கம்பெனிய, புள்ள."

"நான் திருப்பி எடுத்தா எடுக்க மாட்டேங்குதே?"

"மெஷினுக்கு வாயா இருக்கு?"

அவன் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் சட்டைப்பையில் போன் டிக்டிக் என்றது. எடுத்துக் காட்டினான். திரையில் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக ஒரு வரி.

"பாத்தியா? என்னயக் கூப்புடுது."

பூரணிக்கு அவமானத்தில் முகம் சுண்டிப்போனது. ஒரு பெட்டியோடு போய்ச் சக்களத்திச் சண்டை போட்டிருக்கிறாளே. மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஜாருக்குப் போய், ஊர் கேட்கச் சர்மிளாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் பழத்தை வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பாவம், எவ்வளவு நொந்துபோயிருப்பாள் என்று பூரணி பஸ்ஸில் வரும்போது அழுதாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டையே இல்லை. போன் அடித்தால் பூரணியே பீலிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "என்னாங்க, ரெண்டு ரிங் வந்திருச்சு, சீக்கிரம் போங்க." நீலச் சட்டையை அவளே அயர்ன் பண்ணி வைப்பாள். என்ன இருந்தாலும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தன் புருஷனைக் கூப்பிடுகிறதே என்று அந்தப் பெட்டி மேல் மட்டும் லேசாக ஒரு பொறாமை மிச்சமிருந்தது.

ஆடி மாசம், ஆண்டியப்பன் அட்டனுக்கு மோட்டர் பெல்ட் வாங்கப் போயிருந்த அன்றைக்கு, நிரோஷன் என்று ஒருவன் அவனைத் தேடி வீட்டுக்கு வந்தான். பெட்டி செய்த மூன்று பேரில் ஒருவன். இப்போது போன் கம்பெனி சட்டை போட்டிருந்தான். பூரணி அவனை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை என்றான் அவன். இவர்களை வாங்கிய கையோடு, லொறி எங்கே நிற்கிறது என்று சொல்லும் பெட்டி செய்த கொழும்புக்காரர்களையும் வாங்கிவிட்டதாம். போன மாசம், கொழுந்து நிறுக்கிற தராசுக்குள்ளே சிம் வைத்தவர்களையும் வாங்கிவிட்டதாம். இனி இந்தத் தோட்டத்தில் எல்லாச் சாமானும் பேசும் என்றான்.

பூரணி பெருமையோடு சிரித்தாள்.

"ஒங்க பெட்டி இப்பவே ஓயாமதான தம்பி பேசுது. இன்னைக்குக் காலையில மட்டும் எங்க வீட்டுக்காரருக்கு மூணு மிஸ்கோல்."

நிரோஷன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மிஸ்கோலா? அதுல போன் கம்பெனிக்கு அஞ்சு சதம் வராதேக்கா. எங்கள வாங்குன அன்னைக்கே அத நிப்பாட்டிட்டு மெசேஜுக்கு மாத்திட்டாங்க. ஆறு மாசமா அந்தப் பெட்டி யாருக்கும் ரிங் குடுக்கலக்கா."