டீச்சர் வீட்டு மீட்டர்

"எதிர் வீட்டு டீச்சருக்கு ஒரு பேனல்கூடக் கிடையாது. எழுதிக்கோம்மா!" என்றார் அந்த அடுக்குமாடியின் செகரட்டரி.

சோலார் பேனல் மாட்ட அளவெடுக்க வந்திருந்த பெண் எழுதவில்லை. மொட்டை மாடியில் டேப்பை நீட்டிப் பிடித்தபடி, "ஏன் சார்?" என்றாள்.

"இருக்கற இடமே கொஞ்சம். தண்ணித் தொட்டி நிழல் விழற பக்கம் ஆகாதுன்னு நீயே சொல்லிட்ட. மிச்ச இடத்துல மாட்டறதைச் சிக்கனமா இருக்கறவங்களுக்குத்தானே குடுக்கணும்? எங்க வீட்டுல நாலு பேர். அவங்க ஒண்டி ஆள். ஆனா கரண்ட் மட்டும் எங்களைவிட மூணு மடங்கு. ராத்திரியெல்லாம் உக்காந்து கரண்டைக் குடிக்கறாங்களோ என்னவோ!"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். அன்று சாயங்காலக் கூட்டத்தில் திட்டம் முடிவாகிவிடும். அவர் சொன்னபடி எழுதினால், அந்தக் கட்டடத்தில் வெயில் எல்லாருக்கும் உண்டு, டீச்சரைத் தவிர.

அவளுக்கு இதுதான் முதல் தனி வேலை. 'ஏணி ஏறக் கத்துக்கலாம், ஒயர் இழுக்கக் கத்துக்கலாம். லோடு கேக்கறதுலதான் சாமர்த்தியமே இருக்கு. டாக்டர்கிட்ட மறைக்கறதைவிட நம்மகிட்ட அதிகமா மறைப்பாங்க' என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லோடு என்றால் வேறொன்றுமில்லை, வீட்டில் எதெது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்ற கணக்கு.

"முதல்ல உங்க வீட்டு லோடைப் பாத்துடலாம் சார்."

செகரட்டரி வீட்டு ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றியது. ஃப்ரிட்ஜ் இல்லை. வாஷிங் மெஷின் இல்லை. அயர்ன் பாக்ஸ் இல்லை. குளியலறையில் ஹீட்டர் இருந்த இடத்தில் ஓட்டைகள்தான் இருந்தன.

"நானே கழட்டி வித்துட்டேன். பச்சைத் தண்ணிதான் உடம்புக்கு நல்லது. இந்த வீட்டுல ஒருத்தராவது முணுமுணுத்திருக்காங்களான்னு கேளு!"

ஒருவரும் முணுமுணுத்ததில்லை. அதுதான் அவருடைய பெருமை. அவர் மனைவி சிரித்த முகமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததுமே சோலார் பெண்ணுக்குப் பல் கூசியது.

"பானைத் தண்ணி!" என்றார் செகரட்டரி.

தம்ளருக்குள் ஒரு ஐஸ் கட்டி மிதந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மனைவி கண்ணாலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "கடைக்குப் போயிட்டு வந்துடறேங்க" என்று நழுவினாள். சோலார் பெண்ணுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஐஸ் கட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "மத்தவங்கல்லாம் எங்க சார்?" என்றாள்.

"அப்பா பார்க்குல நடக்கறார். பையன் லைப்ரரியில படிக்கறான். ரெண்டு பேரும் வீட்டுல தங்கறதே இல்ல. ஃபேன் செலவும் மிச்சம்!"

வெளியே நடையில் இரண்டு வீட்டு மீட்டர்களும் அக்கம்பக்கமாக இருந்தன. செகரட்டரியின் மீட்டர் தூங்கி வழிந்தது. டீச்சரின் மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று கண் சிமிட்டியது.

"பாத்தியா? டீச்சர் இன்னும் ஸ்கூல்லேருந்தே வரல. ஆளில்லாத வீட்டுல எதும்மா ஓடுது? இரு, நிறுத்திக் காட்டறேன்!"

"ஐயோ, வேணாம் சார்! அவங்ககிட்ட சொல்லாம மெயின் ஸ்விட்சை..."

அவர் படாரென்று கீழே இழுத்துவிட்டார்.

ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து, "எவன்டா அவன்?" என்று ஒரு குரல் வந்தது.

கதவு திறந்தது. செகரட்டரியின் அப்பா வெளியே வந்தார். ஒரு கன்னம் வழவழ, மறு கன்னம் முழுக்க நரை முள். கையில் ஷேவிங் மெஷின். "பாதி மூஞ்சியோட நான் எப்படிடா வெளிய போவேன்?"

அவர் பின்னாலேயே பையன் சட்டையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். "தாத்தா, நாளைக்குக் காலையில இன்டர்வியூ! ஒரு கைதான் அயர்ன் பண்ணியிருக்கேன்!"

கடைக்குப் போன மனைவி கடைசியாக வந்தாள், முழங்கைவரை சோப்பு நுரையோடு. "டீச்சர் வந்துட்டாங்களா? மெஷின் நின்னுபோச்சு, அவரோட பேன்ட் உள்ளயே மாட்டி..."

கணவனைப் பார்த்ததும் நுரைக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

செகரட்டரி தன் குடும்பத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார். பாக்கி யாருமில்லை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீ ஹீட்டரைக் கழட்டின அன்னிலேருந்து" என்றார் அப்பா. "சாவி டீச்சரே குடுத்தாங்க."

சோலார் பெண்ணால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதைப் பார்த்துப் பையன் சிரிக்க, அப்பாவும் அரைக் கன்னத்தோடு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சிரிக்கும்போதுதான் டீச்சர் கைப்பையோடு படியேறி வந்தார். கீழே இழுத்திருந்த மெயினைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

செகரட்டரியின் குரல் நன்றாக இறங்கியிருந்தது. "ஏன் இவ்வளவு கரண்ட்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் உங்களை நிக்கவெச்சுக் கேட்டேனே டீச்சர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா இவங்களை வரவிட்டிருக்க மாட்டீங்களே சார். முன்னெல்லாம் நான் பூட்டைத் திறந்து இருட்டுக்குள்ளதான் போவேன். இப்ப கதவைத் தட்டினா உள்ளேருந்து 'இதோ வரேன் டீச்சர்'னு குரல் வருது. அதுக்கு இந்த கரண்ட் பில் ரொம்பக் கம்மி சார்."

செகரட்டரி மெயினை மேலே தள்ளினார். உள்ளே வாஷிங் மெஷின் அவருடைய பேன்ட்டோடு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"எழுதிக்கோம்மா" என்றார். "முதல் பேனல் டீச்சருக்கு. அவங்க லோடுல இன்னும் ஒரு ஆளைக் கூட்டிப் போடு. நாளையிலேருந்து நானும் வெந்நீர்லதான் குளிக்கப் போறேன்."