தொடரவா, நிறுத்தவா?

சவரியப்பன் வெகுநாளாகச் சோறு விழுங்க முடியாமல் தவித்தார். உணவுக்குழாயின் அடிப்பகுதித் தசை திறக்காமல் இறுகிப்போகும் அபூர்வமான நோய். வாய்வழியே கருவியை விட்டு, வெளியே ஒரு கீறலும் இல்லாமல் அந்தத் தசையை வெட்டிவிடலாம் என்றார்கள் மருத்துவமனையில். வெட்டுவது இயந்திரம்தான். அறையில் டாக்டர் கிடையாது. மனைவி லூர்தம்மாளைக் கண்ணாடிக்கு வெளியே, இரண்டு பொத்தான்கள் வைத்த பலகை முன்னால் உட்காரவைத்தார்கள்.

பாதி வெட்டியதும் இயந்திரம் நின்றது.

"தசை மெலிந்திருக்கிறது. தொடர்ந்தால் குழாய் கிழிந்து உயிர் போகலாம். நிறுத்தினால் வெட்டிய இடம் தழும்பாகி இறுகிவிடும், இனி வாயால் சாப்பிட முடியாது. தொடரவா, நிறுத்தவா?" என்று அவளிடம் கேட்டது.

"டாக்டரக் கூப்பிடுங்க."

"முடிவு உறவினருடையது," என்றது இயந்திரம்.

லூர்தம்மாள் நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள்.

அதற்குப் பிறகு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் அவருக்குக் கஞ்சி. வாசம் அவரை வதைக்குமென்று வீட்டில் மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள்; தன் சோற்றையும் அடுப்படியில் மறைவாக நின்று அவசரமாக விழுங்கினாள். அவர் ஒருநாளும் அவளைத் திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு மதியம் கஞ்சி ஊற்றும்போது கேட்டேவிட்டாள்.

"நீங்களா இருந்தா எதை அமுக்கிருப்பிய?"

"தொடரத்தான் சொல்லிருப்பேன்."

"அங்க படுத்துக் கெடந்தது நானா இருந்தா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"அப்பவும் தொடரத்தான்."

மிச்சக் கஞ்சியைச் சிந்தாமல் ஊற்றி, குழாயை மூடினாள். பிறகு தனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து, முதன்முறையாக அவர் கண்ணெதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.