சனிக்கிழமைக் கொத்துக்கறி

"சனிக்கிழமை ராத்திரி, வந்த விருந்தாளிக்குக் கொத்துக்கறியா?"

ஃபெர்னான் சத்தமாகவே கேட்டார். பிரான்சின் கிளெர்மோன் நகரில் ஆயுள் முழுக்கக் கறிக்கடை வைத்திருந்தவர். கொத்துக்கறி மேல் உருளைக்கிழங்கை மசித்துப் பரப்பி, அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்தால், உள்ளே இருப்பது நேற்று மீந்த கறி என்று அவருக்குத் தெரியாதா?

"மெதுவாப் பேசு, ஃபெர்னான்" என்று மனைவி ஒடீல் முழங்கையால் இடித்தாள்.

மலையடிவாரத்துப் பண்ணை வீடு அது. சனி, ஞாயிறு தங்க வருகிறவர்கள் வீட்டுக்காரியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, அவள் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். அன்றைக்கு இவர்களைத் தவிர ஓர் இளம் ஜோடியும் வீட்டுக்காரி மதாம் தெலோர்மும்தான்.

ஃபெர்னானுக்கு வர இஷ்டமே இல்லை. பக்கவாதம் வந்து போனதிலிருந்து வலது கை நடுங்குகிறது. கடைசியாக ஓட்டலுக்குப் போனபோது பரிமாறியவன் குனிந்து, "கறியை நான் நறுக்கித் தரட்டுமா, முசியே?" என்றான். ஒரு கறிக்கடைக்காரனிடம்! பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவனை ஃபெர்னான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றோடு வெளியில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

"ஒருத்தர் என் கையைப் பார்த்தாலும் எழுந்து வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இன்று காரில் ஏறினார்.

நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. வலது கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, இடது கையாலேயே அள்ளிச் சாப்பிட்டார். அந்தத் தெம்பில் வாய் நீண்டது.

"ஏன் தம்பி, உனக்குப் பல்லு இருக்கில்ல?" என்று எதிரே இருந்த இளைஞன் பாஸ்தியானைச் சீண்டினார். "உன் வயசுல நான் எலும்பையே கடிப்பேன். நீ என்னடான்னா, கைக்குழந்தை மாதிரி மசியலைத் தின்னுட்டிருக்க!"

"எனக்குப் பிடிச்சிருக்கு, முசியே" என்று சிரித்துவிட்டு, அவன் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான்.

"பிடிக்கும், பிடிக்கும். ஏன் மதாம், இதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல சமைச்சிட்டிருந்தீங்களோ?"

மதாம் தெலோர்மின் முகம் சிவந்தது. "உங்களுக்கும் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒடீல் தட்டைவிட்டு நிமிரவே இல்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது சமையலறைக் கதவு திறந்திருந்தது. மதாம் தெலோர்ம் ஒரு முழு ஆட்டுத்தொடையைத் தாளில் சுற்றி, பாஸ்தியானின் மனைவி மயேலிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சைக்கறி. முதல் தரம் என்பது வாசலிலிருந்தே ஃபெர்னானுக்குத் தெரிந்தது.

"ஓகோ! வேண்டியவங்களுக்குத் தொடை, எங்களுக்கு மீந்ததா? பாத்தியா ஒடீல், கதையை!"

"அப்படியில்ல முசியே..."

"நீங்க பேசாதீங்க மதாம்! கிளெர்மோன் பூரா சொல்றேன், இந்த வீட்டுப் பக்கமே யாரும் வராதீங்கன்னு!"

மயேல்தான் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தாள்.

"அவங்களைத் திட்டாதீங்க முசியே. நேத்து எங்க கல்யாண நாள். ராத்திரி விருந்துக்குச் சுட்டுத் தரச்சொல்லி, இந்தத் தொடையை நாங்கதான் சொல்லி வச்சிருந்தோம்."

"அப்புறம் ஏன் சுடலை?"

மயேல் ஒடீலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, கேக்கிறேன்ல? ஏன் சுடலை?"

"நேத்து நீங்க வந்து இறங்கினப்ப, கார்க் கதவைச் சாத்தப் பட்ட பாட்டை ஜன்னல்லேருந்து பார்த்தோம். கத்தியே தேவைப்படாத சாப்பாடா, எல்லாருக்கும் ஒண்ணுபோலச் செஞ்சிடுங்கன்னு நாங்கதான் மதாம்கிட்ட கேட்டுக்கிட்டோம்."