கெட்டிப் பெட்டி

"இந்த விலைக்குக் கொடுக்கிற பெட்டி ஒழுங்கா ஊர் போய்ச் சேருமாங்க? ஏர்போர்ட்லயே வாயைப் பிளந்துடும்!"

வெளிநாட்டுக் கடையில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம் போலிருக்கிறது, அவள் குரலைக் குறைக்கவே இல்லை.

"போன தடவை இங்க வாங்கினது இன்னும் கல்லு மாதிரி இருக்கு. மறந்துட்டியா?" என்ற கணவன், நீலப் பெட்டியைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். "பாரு, அசையுதா? நம்ம ஊர்ல இதுக்குக் கொள்ளை விலை சொல்லுவான்."

அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். "அப்போ அக்காவுக்கும் ஒண்ணு எடுங்க."

பக்கத்தில் பெட்டிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த சுற்றுலாத் தம்பதிக்கு முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஆளுங்க! நல்லா உழைக்குமா சார்?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார்!"

நம்ம ஆளே சொன்ன பிறகு யோசனை எதற்கு? ஆளுக்கொரு பெட்டியை உருட்டிக்கொண்டு இருவரும் வாசலில் நின்ற டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறினார்கள்.

பஸ் கிளம்பியதும் கணவன் நீலப் பெட்டியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். கல்லாவில் இருந்த முதலாளி கட்டை விரலை உயர்த்திக் காட்டி, இருவருக்கும் டீ அனுப்பினார்.

"சீக்கிரம் குடி, அடுத்த பஸ் வந்துடும். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் சத்தமா சண்டை போடு."

கத்திக் கத்தி வறண்ட தொண்டையை டீயால் நனைத்தபடி அவள் கேட்டாள்: "ஏங்க, அடுத்த மாசம் நாம ஊருக்குப் போறோமே, பெட்டி?"

"எதிர்க் கடையில வாங்கிக்கலாம்."

"அங்க விலை ஜாஸ்தியாச்சே!"

"இருக்கட்டும். ஒழுங்கா ஊர் போய்ச் சேரணுமில்ல?"